கணித மேதையும் கைகொடுத்த தோழர்களும்

கணித மேதை சீனிவாச இராமானுஜன் என்றதும் நம் நினைவுக்கு வருவன சில உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், பேராசிரியர் ஹார்டி, இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினர் என்னும் பெருமை, 32 வயதில் வந்து சேர்ந்த மரணம். படங்களிலும் அவர் கோட்டும் கழுத்துப் பட்டையுமாகவே காட்சி தருகிறார். அப்படத்தைக் காணும்போதெல்லாம், இவர் நம்மைப் போன்றவர் அல்லர், பிறக்கும்போதே மேதையாகப் பிறந்தவர், தோல்வி என்பதையே அறியாதவர் என்று எண்ணத் தோன்றுகிறது.

ஆனால் உண்மை என்ன? அந்தக் கோட்டுக்குள் இருந்தவர் நம்மைப் போலவே ஓர் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர். முதலாண்டிலேயே உதவித்தொகையை இழந்தவர். வீட்டில் சொல்லாமல் ஊரைவிட்டு ஓடிப் போனவர். மற்றொரு கல்லூரியில் சேர்ந்து அங்கும் தோற்றவர். பட்டம் பெறாதவர். பின் எவ்வாறு அவர் மீண்டும் எழுந்தார்? அவருடைய அறிவால் என்று சொல்வது பாதி விடையே. மீதி விடை, வரலாற்று நூல்களில் ஒரு வரியிலும் அரை வரியிலும் வந்து மறையும் சில பெயர்களில் இருக்கிறது. அவை அவருடைய தோழர்களின் பெயர்கள். அவருடைய கணிதத்தை எடுத்துரைக்கும் தகுதி எனக்கு இல்லை. அவருடைய இளமையையும் அவ்விளமைக்குத் துணை நின்ற நட்பையும் மட்டுமே இங்கே எழுத முயல்கிறேன்.

சன்னதித் தெருச் சிறுவன்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக் கடையில் கணக்கெழுதும் குமாஸ்தா. மாதச் சம்பளம் ஏறத்தாழ 20 ரூபாய். அன்னையார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடுவார். அதில் கிடைத்த சிறு வருவாயும் குடும்பத்துக்கு உதவியது. கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில், கோயில் கோபுரம் கண்ணுக்கு முன்னே நிற்க, சிறிய ஓட்டு வீட்டில் அவர்கள் வாழ்ந்தனர்.

அவருக்குப் பின் பிறந்த மூன்று குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. அவரையும் இரண்டு வயதில் பெரியம்மை தாக்கியது. பிழைத்தாலும், முகத்தில் அம்மைத் தழும்புகள் நிலைத்துவிட்டன. 1898இல் ஒரு தம்பி பிறந்து நிலைக்கும் வரையில், பத்தாண்டுக் காலம் அவ்வீட்டில் அவர் ஒற்றைப் பிள்ளையாகவே வளர்ந்தார். இத்தனை இழப்புகளைக் கண்ட தாய், இருக்கும் ஒரு பிள்ளையை எப்படித் தெருவில் விடுவாள்? மற்றச் சிறுவர்கள் தெருவில் ஓடியாடும்போது, இவர் தெருவைப் பார்த்த சன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்று அவர்களோடு பேசுவாராம். அன்னையாரே அவருக்கு விளையாட்டுத் தோழியாகவும் இருந்து, வீட்டுக்குள் ஆடுபுலி ஆட்டம் ஆடினார். உடன்பிறப்பு இல்லாத குறையை நிரப்ப வேண்டியவர்கள் சன்னலுக்கு வெளியே நின்ற அந்தச் சிறுவர்களே. இராமானுஜன் வாழ்வில் நட்பு பெற்ற இடத்தைப் புரிந்துகொள்ள அந்தச் சன்னலை நாம் மறக்கக் கூடாது.

கும்பகோணம், காஞ்சிபுரம், சென்னை எனப் பள்ளிகள் மாறின. சென்னைப் பள்ளி அவருக்குச் சற்றும் பிடிக்கவில்லை. பள்ளிக்குப் போக மறுத்த பிள்ளையை மிரட்டிப் பள்ளியில் கொண்டுவிட ஒரு காவலரை ஏற்பாடு செய்யும் அளவுக்குப் போயிற்று. மீண்டும் கும்பகோணத்துக்கு வந்த பிறகே அவர் மனம் நிலைகொண்டது. 1897 நவம்பரில் நடந்த தொடக்கப் பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறி, 1898இல் டவுன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்.

ஒரு மதிப்பெண் தந்த கண்ணீர்

அக்காலத்தில் அவருக்கு நெருங்கிய தோழர் கே. சாரங்கபாணி. கோயிலில் குடிகொண்ட பெருமாளின் பெயரையே கொண்டவர். இருவரும் ஒரே வகுப்பு. ஒருமுறை கணக்குத் தேர்வில் 45க்கு இராமானுஜன் 42 மதிப்பெண் பெற்றார். சாரங்கபாணி 43 பெற்றுவிட்டார். ஒரே ஒரு மதிப்பெண்தான் வேறுபாடு! இராமானுஜன் சாரங்கபாணியோடு பேச மறுத்துவிட்டார். மற்றப் பாடங்களில் எல்லாம் நீதானே முதல் என்று தோழர் ஆறுதல் சொல்லிப் பார்த்தார். அந்த ஆறுதல் எடுபடவில்லை. மற்றப் பாடங்கள் எப்படிப் போனால் என்ன, கணக்கில் இவர்தான் முதல் என்பது ஊரறிந்த செய்தி அல்லவா? அந்த எண்ணம் பொய்த்துப் போனதைத் தாங்க மாட்டாமல், அழுதுகொண்டே அன்னையிடம் ஓடினார்.

இந்தச் செய்தியை நாம் சிரித்துக்கொண்டே படிக்கிறோம். ஆனால் இதில் வருங்காலத்தின் நிழல் ஒன்று இருக்கிறது. கணக்கில் பெற்ற பெருமையே தம் பெருமை, அதில் குறைந்தால் தாமே குறைந்துவிட்டதாக எண்ணும் மனம் அது. அவமானத்தைத் தாங்காத அம்மனம் பின்னாளில் அவரைப் பெரிய துன்பத்தில் கொண்டுபோய்விட்டது. மறுபக்கம், வென்றபோதும் தோற்றவனைத் தேற்ற முயன்ற சாரங்கபாணியையும் நாம் பார்க்க வேண்டும். அந்த ஊடல் நிலைக்கவில்லை. நட்பே நிலைத்தது. பின்னாளில் இராமானுஜனின் இளமையை உலகுக்கு நினைவுகூர்ந்து சொன்னவர்களுள் இந்தச் சாரங்கபாணியும் ஒருவர்.

வகுப்பில் அவர் கேட்ட கேள்வி ஒன்று எல்லாரும் அறிந்தது. எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் விடை ஒன்று என்று ஆசிரியர் விளக்கினார். மூன்று பழங்களை மூன்று பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்று. சரி, பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தாலும் விடை ஒன்றுதானா, பழமே இல்லாமல் யாருக்கும் பகிராவிட்டாலும் ஆளுக்கு ஒன்று கிடைக்குமா என்று கேட்டாராம் அந்தச் சிறுவர். வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களிடம் கணக்குக் கேட்டுக் கேட்டு, விரைவிலேயே அவர்களிடம் இருந்ததையெல்லாம் கற்று முடித்தார். லோனி எழுதிய திரிகோணமிதி நூலை 13 வயதிலேயே கரைத்துக் குடித்தார். தாமே கண்டுபிடித்ததாக எண்ணிய ஒரு முடிவு முன்பே பிறர் கண்டதுதான் என்று தெரிந்ததும், எழுதிய தாள்களை வீட்டுக் கூரையில் செருகி மறைத்துவிட்டார். ஒரு மதிப்பெண்ணுக்காக அழுத அதே பிள்ளை!

ஒரு கணக்கும் ஒரு புத்தகமும்

பள்ளியில் அவருக்கு மூத்த மாணவர் சி.வி. இராஜகோபாலாச்சாரி. கணக்கில் கெட்டிக்காரன் என்று எல்லாரும் சொல்லும் இந்த இளையவனைச் சோதித்துப் பார்க்க அவருக்கு ஆசை. ஒருநாள் ஒரு கணக்கைக் கொடுத்தார். ஓர் எண்ணின் வர்க்க மூலத்தோடு மற்றோர் எண்ணைக் கூட்டினால் 7. முதல் எண்ணோடு இரண்டாம் எண்ணின் வர்க்க மூலத்தைக் கூட்டினால் 11. எண்கள் எவை? மேல் வகுப்பு மாணவர்களே திணறும் கணக்கு. இராமானுஜன் இரண்டே படிகளில் 9, 4 என்று விடை சொல்லிவிட்டார். சோதிக்க வந்தவர் அன்றே நண்பரானார். இந்தக் கணக்கை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்குப் பின் இதன் பயன் விளையப் போகிறது.

இன்னொரு நட்பின் பயனையும் சொல்ல வேண்டும். 1903ஆம் ஆண்டு, கும்பகோணம் அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு நண்பர் வழியாக ஒரு புத்தகம் அவர் கைக்கு வந்தது. கார் என்னும் ஆங்கிலேயர் தேர்வு மாணவர்களுக்காகத் தொகுத்த நூல் அது. ஏறத்தாழ 5,000 தேற்றங்களை வரிசையாக அடுக்கிச் செல்வது. விளக்கங்கள் மிகக் குறைவு. நம்மில் யாராவது அதைத் திறந்திருந்தால் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடியிருப்போம். இராமானுஜனுக்கோ அது புதையல். விளக்கம் இல்லாததே அவருக்கு வாய்ப்பாயிற்று. ஒவ்வொரு தேற்றத்தையும் தாமே நிறுவிப் பார்த்தார். நிறுவும் வழியில் புதிய தேற்றங்கள் பிறந்தன. அவற்றை ஏடுகளில் எழுதத் தொடங்கினார். நூலகத்திலிருந்து அந்நூலை எடுத்து வந்து கொடுத்த அந்த நண்பர், தாம் செய்த செயலின் பயனை அன்று அறிந்திருப்பாரா?

1904இல் பள்ளிப் படிப்பு முடிந்தது. பரிசளிப்பு விழாவில் கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசு அவருக்கு. தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், இம்மாணவனுக்கு நூற்றுக்கு நூறு கொடுத்தாலும் போதாது என்று பாராட்டினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படித்த அப்பள்ளிக்குக் கால அட்டவணை வகுத்துக் கொடுத்தவரே அந்த மாணவர்தான் என்றால் ஆசிரியர்கள் அவர்மேல் வைத்த நம்பிக்கையை என்னென்பது!

கல்லூரியும் தோல்வியும்

1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். காவிரிக் கரையில் அமைந்த அக்கல்லூரியைத் தென்னாட்டின் கேம்பிரிட்ஜ் என்று அழைப்பது வழக்கம். கணிதத்தோடு ஆங்கிலம், வடமொழி, உடலியல், கிரேக்க ரோமானிய வரலாறு ஆகியவையும் பாடங்கள். ஆனால் இராமானுஜனின் உள்ளத்தை அந்தக் காரின் புத்தகம் பிடித்துக்கொண்டது. எந்த வகுப்பு நடந்தாலும் அவர் கணக்கே போட்டுக்கொண்டிருந்தார். உடல் வகுப்பறையில் இருந்தது. உள்ளம் எண்களில் இருந்தது.

விளைவு என்ன? ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோல்வி. உதவித்தொகை நின்றது. அது இல்லாமல் ஒரு பருவத்துக்குக் கட்ட வேண்டிய கல்லூரிக் கட்டணம் தந்தையின் மாதச் சம்பளத்தை விஞ்சியது. அன்னையார் கல்லூரி முதல்வரை நேரில் சென்று பார்த்து மன்றாடினார். விதி விதிதான் என்றார் முதல்வர். அவரைக் குறை சொல்லவும் இயலாது. ஒரு பாடத்தில் மட்டும் தேறிய மாணவனுக்குத் தொகை கொடுத்தால் மற்றவனுக்கு என்ன பதில் சொல்வது? எனினும் அன்று அந்தத் தாய் வீடு திரும்பிய காட்சியை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

ஒரு மதிப்பெண் குறைந்ததற்கே தோழனோடு பேச மறுத்தவர் இந்த அவமானத்தை எப்படித் தாங்குவார்? 1905 ஆகஸ்டில், 17 வயதில், யாரிடமும் சொல்லாமல் இரயிலேறி விசாகப்பட்டினம் போய்விட்டார். பெற்றோர் பதைத்தனர். செப்டம்பரில், காணாமற்போன பையன் என்று இந்து நாளிதழில் செய்தி வெளிவந்தது. பின்னர் அவர் ஊர் திரும்பினார். ஆனால் வருகை போதாமையால் தேர்வு எழுதத் தேவையான சான்றிதழ் கிடைக்கவில்லை. அரசுக் கல்லூரி வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கணிதப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் அவர் திறமையை உடனே கண்டுகொண்டார். இருவரும் சேர்ந்து கணித இதழ்களில் வந்த கடினமான வினாக்களை ஆராய்வது உண்டு. ஆனால் உடலியல் பாடம் விடவில்லை. முயலை அறுத்துப் பார்க்கும் பாடத்தில் அவருக்கு அறவே விருப்பமில்லை. அந்த ஆண்டு இறுதியில் தேர்வில் தோற்றார். மறு ஆண்டும் தனித் தேர்வராக எழுதினார். மீண்டும் தோல்வி. கல்லூரிக் கதவு நிலையாக மூடிக்கொண்டது.

திண்ணையும் சிலேட்டும்

அடுத்த சில ஆண்டுகள் அவர் வாழ்வில் மிக இருண்டவை. மிக வளமானவையும் அவையே. வேலை இல்லை. பட்டம் இல்லை. வருவாய் இல்லை. சன்னதித் தெரு வீட்டுத் திண்ணையில் காலை மடித்து அமர்ந்து, மடியில் பெரிய சிலேட்டுப் பலகையை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார். போட்டதைத் துணியால் துடைக்கவும் நேரமில்லை. முழங்கையாலேயே அழிப்பார். முழங்கை கறுத்துத் தடித்துப் போயிற்று. தாள் வாங்கக் காசில்லாததால், முடிவுகள் மட்டுமே ஏட்டில் ஏறின. வழிமுறைகள் முழங்கையோடு போயின. இந்தக் காரணத்தால் பின்னாளில் உலகக் கணித அறிஞர்கள் அவருடைய முடிவுகளுக்கு நிறுவல் தேடிப் பல்லாண்டுகள் உழைக்க வேண்டியதாயிற்று.

தெருவில் ஊரார் என்ன பேசியிருப்பார்கள்? நம் தெருவிலும் அப்படி ஒருவர் இருந்தால் நாம் என்ன பேசுவோம்? வேலைக்குப் போகாத பிள்ளை, பித்துப் பிடித்தவன் என்றுதானே! 1909 ஜூலையில் பெற்றோர் அவருக்கு ஜானகியை மணம் முடித்தனர். மணமகளுக்கு வயது பத்து. அக்கால வழக்கம் அது. குடும்பப் பொறுப்பு தலையில் ஏறியது. அடுத்து நோய் வந்தது. விரைவீக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும். வீட்டில் பணம் இல்லை. 1910 ஜனவரியில் ஒரு மருத்துவர் பணம் பெறாமலே சிகிச்சை செய்தார்.

பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்க முயன்றார். ஆனால் பாடப் புத்தகத்தில் தொடங்கி, பாடத்திட்டத்துக்கு அப்பால் எங்கோ போய்விடுவார். தேர்வுக்கு உதவாத ஆசிரியரை யார் வைத்துக்கொள்வார்கள்? சென்னைக்கு வந்தபோது தங்க இடம் கொடுத்தவர்கள் நண்பர்களே. தம்மிடம் கணக்குப் படித்த விசுவநாத சாஸ்திரி விக்டோரியா மாணவர் விடுதியில் இருந்தார். அவர் அறையில் தங்கினார். நரசிம்ம ஐயங்கார் என்ற குடும்ப நண்பரோடும் தங்கினார். இந்த நரசிம்மர் கல்லூரி மாணவர். கணக்கில் மிகவும் பலவீனம். இராமானுஜன் அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். தேர்வு நாளில் நகரின் ஒரு கோடியிலிருந்து தேர்வு மண்டபம் வரை நடந்து வந்து, கடைசி நேரத்திலும் சொல்லிக்கொடுத்தார். நண்பர் தேறிவிட்டார்! தாம் தேறாத தேர்வில் நண்பனைத் தேற வைத்த மனம் எத்தகைய மனம்! நட்பு என்பது அவர் பெற்றது மட்டும் அன்று, கொடுத்ததும் ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இக்காலத்தில் ஒருமுறை கடும் நோய் கண்டது. பச்சையப்பன் கல்லூரிக் காலத்து நண்பர் இராதாகிருஷ்ண ஐயர் தம் இருப்பிடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார். மருத்துவரின் சொற்படி அவரை ஊருக்கு அனுப்ப இரயிலேற்றினார். புறப்படும் முன் இராமானுஜன் தம் இரண்டு பெரிய ஏடுகளை அவர் கையில் ஒப்படைத்தார். தாம் இறந்துவிட்டால் அவற்றைப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமோ, கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் எட்வர்டு ராசிடமோ சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவருக்கென்று இருந்த சொத்து அதுதான். அதைப் பெற்றோரிடம் தரவில்லை, வங்கியிலும் வைக்கவில்லை, தோழனிடம் வைத்தார். தோழரும் காத்துத் திரும்பக் கொடுத்தார். அந்த ஏடுகள் அன்று தொலைந்திருந்தால், கணித உலகம் எதை இழந்தோம் என்று அறியாமலே இழந்திருக்கும்.

கை பிடித்து அழைத்துச் சென்றவர்

1910இல் வேலை தேடிக் கிளம்பினார். கையில் சான்றிதழ் இல்லை. ஏடுகள் மட்டுமே இருந்தன. இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி. இராமசாமி ஐயர் திருக்கோவலூரில் துணைக் கலெக்டராக இருந்தார். அவரிடம் சென்று ஒரு சிறு குமாஸ்தா வேலை கேட்டார். ஏடுகளைப் புரட்டிய அவர், இந்த அறிவைத் தாலுகா அலுவலகத்தில் புதைக்க மனம் ஒப்பாமல், கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அங்கே மாநிலக் கல்லூரியில் இருந்தவர், கும்பகோணத்தில் இராமானுஜன் படித்தபோது கணித ஆசிரியராக இருந்த சேஷு ஐயர். அவர் வழிகாட்டியது நெல்லூர் கலெக்டரும் கணித ஆர்வலருமான இராமச்சந்திர ராவிடம்.

பெரிய மனிதரின் வாசலுக்குத் தனியே போகும் துணிவு இராமானுஜனுக்கு ஏது? இங்கேதான் பழைய கணக்கு பயன் தந்தது. சென்னையில் தற்செயலாகச் சந்தித்தவர், 9, 4 என்ற விடையைக் கேட்டு வியந்த அதே இராஜகோபாலாச்சாரி. தோழன் நலிந்து கிடப்பதைக் கண்டு அவர் சும்மா இருக்கவில்லை. தாமே உடன் வந்து அழைத்துச் சென்றார். இராமச்சந்திர ராவின் உறவினர் கிருஷ்ண ராவும் பரிந்து பேசினார். முதற்சில சந்திப்புகளில் காரியம் கைகூடவில்லை. பருத்த உடல், சவரம் செய்யாத முகம், பழைய ஆடை, அக்குளில் இடுக்கிய ஏடு. இவன் மேதையா, ஏமாற்றுக்காரனா என்று அவருக்கே ஐயம். பம்பாய்ப் பேராசிரியர் சல்தானாவோடு நடத்திய கடிதப் போக்குவரத்தைக் காட்டி, நண்பர் தளராது மீண்டும் அழைத்துச் சென்றார். கடைசியில் ஐயம் நீங்கியது. என்ன வேண்டும் என்று கேட்டார் கலெக்டர். உயிர் வாழச் சோறு கிடைத்தால் போதும், கணக்கை ஆராய ஓய்வு வேண்டும் என்றார் இராமானுஜன். மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்தே கொடுத்தார் அந்தப் பெருந்தகை.

ஆனால் பிறர் பணத்தில் நெடுநாள் வாழ இராமானுஜன் விரும்பவில்லை. 1912 மார்ச் 1ஆம் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார். அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர், இரவு நேரத்தில் சிலேட்டுப் பலகையோடு அவருடன் அமர்ந்து கணக்குப் போடும் தோழரும் ஆனார். கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஆதரித்தார். 1913 ஜனவரி 16 தேதியிட்டு ஹார்டிக்கு எழுதிய கடிதமும் அதன்பின் நடந்ததும் உலகறிந்த வரலாறு. பட்டம் பெறாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. உதவித்தொகையை இழந்து ஓடிய சிறுவனுக்கு எட்டாண்டுகளுக்குப் பின் அது மீண்டும் வந்தது.

கடலுக்கு அப்பால்

1914 மார்ச் 17இல் நெவாசா என்னும் கப்பலில் புறப்பட்டார். அதற்கு முன்பே குடுமி போயிற்று, கோட்டு வந்தது. நாம் படத்தில் காணும் இராமானுஜன் அன்றுதான் பிறந்தார் எனலாம். கேம்பிரிட்ஜில் ஹார்டியோடு சேர்ந்து ஆராய்ந்தார். 1918இல் ராயல் கழக உறுப்பினராகவும் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுநராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். புகழ் வந்தது. ஆனால் சன்னலுக்கு வெளியே நிற்கும் தோழர்கள் அங்கே இல்லை.

உலகப் போர் தொடங்கியது. மரக்கறி உணவே உண்பவர் என்பதால் தாமே சமைத்தார். புளியும் பொடிகளும் ஊரிலிருந்து கப்பலில் வர வேண்டும். குளிரோ தாங்க முடியவில்லை. பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற மகலனோபிஸ் அப்போது அங்கே மாணவர். ஒருநாள் இராமானுஜன் கம்பளிகளுக்கு மேல் மேலங்கியையும் சால்வையையும் போர்த்துக்கொண்டு நடுங்கியபடி உறங்குவதை அறிந்தார். படுக்கையில் விரிப்பு இறுக்கமாகச் செருகப்பட்டிருந்தது. கம்பளிகளை விலக்கி அவற்றின் உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. மகலனோபிஸ் அதைக் காட்டிக் கொடுத்தார். எண்களின் ஆழத்தைக் கண்டவருக்குக் கம்பளியில் படுக்கக் கற்றுக்கொடுக்க ஒரு தோழர் வேண்டியிருந்தது! ஆனால் எல்லா நாளும், எல்லா வேளையும் சொல்லித் தர அங்கே யார் இருந்தார்கள்? 1917இல் நோய் பற்றியது. மருத்துவ நிலையங்களிலேயே காலம் கழிந்தது.

1919 மார்ச் 27இல் பம்பாயில் வந்து இறங்கினார். உடல் இளைத்திருந்தது. மனமோ கணக்கை விடவில்லை. 1920 ஜனவரியில் கூடத் தாம் கண்ட புதிய சார்புகளைப் பற்றி ஹார்டிக்கு எழுதினார். அவ்வாண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. கடல் கடந்து போனவர் என்பதால் வைதிக உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வராமல் விலகி நின்றனர். அப்போதும் துணை நின்றவர் இராமச்சந்திர ராவ். இளம் வயதில் கைம்பெண்ணான ஜானகி அம்மாள் தையல் தொழில் செய்து தம் காலில் நின்று, 1994 வரை வாழ்ந்தார்.

நாம் கற்க வேண்டியது

இராமானுஜனின் ஏடுகளை மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1957இல் நிழற்படிகளாக வெளியிட்டது. கடைசி ஆண்டில் எழுதிய தாள்களை 1976இல் அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுத்தார். அவர் பிறந்த நாளை 2012 முதல் தேசியக் கணித நாளாகக் கொண்டாடுகிறோம். சன்னதித் தெரு வீடு இன்று நினைவில்லமாக நிற்கிறது. அந்தச் சன்னலையும் திண்ணையையும் யாரும் சென்று பார்க்கலாம்.

மாணவ நண்பர்களே! இராமானுஜன் தேர்வில் தோற்றார், ஆகவே நாமும் தோற்கலாம் என்று யாரும் பொருள் கொள்ள வேண்டா. அவர் தோற்றதற்கு அவர் கொடுத்த விலை மிகப் பெரிது. நான் சொல்ல விரும்புவது வேறு. நம்மில் எல்லாரும் இராமானுஜன் ஆக முடியாது. ஆனால் நாம் சாரங்கபாணி ஆகலாம். வென்ற நாளில் தோற்றவனைத் தேற்றலாம். நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்து கொடுத்த அந்தப் பெயர் தெரியாத நண்பராகலாம். நோயுற்றவனை இரயிலேற்றி, அவன் ஏடுகளைக் காத்த இராதாகிருஷ்ண ஐயர் ஆகலாம். கூச்சப்பட்டு நிற்பவனைக் கைபிடித்துப் பெரியவர் வாசலுக்கு அழைத்துச் சென்ற இராஜகோபாலாச்சாரி ஆகலாம். இதற்கெல்லாம் மேதைமை தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

ஒவ்வோர் ஆண்டும் நம் வகுப்பிலும் ஓர் இருக்கை திடீரென்று காலியாகிறது. கட்டணம் கட்ட முடியாமலோ, தேர்வில் தோற்ற வெட்கத்தாலோ ஒரு நண்பன் வருவதை நிறுத்திவிடுகிறான். வருகைப் பதிவேட்டில் சில நாள் அவன் பெயர் இருக்கும். பிறகு அதுவும் இராது. நாம் கேட்பதும் இல்லை. இனிமேலாவது அந்த இருக்கை காலியாகும் நாளில், அவன் வீடு எங்கே என்று விசாரித்துப் போய்ப் பார்ப்போம்.